கொடியின் ஆயுள்

பிரிக்பீல்ட்ஸைக் கடந்து கிள்ளானை நோக்கிச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்தவர்கள், பாதையின் இரு மருங்கிலும் வேலியையும் புதரையும், சில இடங்களில் ஒரு முழு மரத்தையுமே போர்த்திக்கொண்டு கிடக்கும் மூவிலைக் கொடியைப் பார்த்திருப்பார்கள். காட்டுக்கொடி என்று எண்ணிக் கண்ணை எடுத்துக்கொண்டவர்களே அவர்களில் அதிகம். தாவர சாஸ்திரம் அதைப் பியூரேரியா என்று அழைக்கிறது. ஆசியாவின் இப்பகுதிக்கே உரிய பயறு ஜாதிக் கொடிதான் அது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று அது இவ்வளவு பெருகிக் கிடப்பதற்குக் காரணம், சென்ற நூற்றாண்டில் ரப்பர்த் தோட்டங்களில் அதை மூட்டை மூட்டையாக விதைத்த மனிதக் கைகள். அந்தக் கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

விதைத்த நிலத்தில் ஒரு பயறுக் கொடி எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்பது எளிது. பதில் சொல்வதுதான் கடினம். மாடு வளர்ப்போருக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. மாட்டுக்குப் புல் வயிற்றை நிரப்புமே தவிர, பாலுக்கும் கன்றின் வளர்ச்சிக்கும் வேண்டிய புரதத்தைப் போதிய அளவில் தருவதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே உலகெங்கும் மேய்ச்சல் நிலங்களில் புல்லோடு பயறு ஜாதிப் பயிர்களையும் கலந்து விதைக்கிறார்கள். அப்படி விதைத்த பயறு இரண்டே வருஷத்தில் மறைந்து, புல் மட்டும் எஞ்சுமானால், நிலம் திருத்திய கூலியும் விதை வாங்கிய பணமும் வீணாகி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாகிறது. ஆகவே ஒரு ரகத்தின் விளைச்சலை விசாரிப்பதற்கு முன்னால் அதன் ஆயுளை விசாரிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். அந்த ஆயுளோ விதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பெயருக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. மேலே படும் வெளிச்சத்திலும், வேரைத் தாங்கும் மண்ணிலும், வந்து மேயும் வாயிலும், எப்போதோ ஒரு நாள் காற்றில் வந்து சேரும் நோயிலும் அது பங்கிட்டுக் கிடக்கிறது. இந்த உண்மையைப் பரிசோதனைச் சாலைகளுக்கு வெளியே, பரந்த நிலத்தில், தலைமுறை தலைமுறையாகக் காட்டிய பிரதேசங்களுள் கிள்ளான் பள்ளத்தாக்கு ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்து ரப்பர்க் கன்றுகளை நட்ட துரைமார்கள், மரத்தைத் தவிர வேறெந்தப் பச்சையும் மண்ணில் இருத்தல் ஆகாது என்று கருதினார்கள். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்த நம் மக்கள், மண்வெட்டியும் கையுமாக, ஒரு புல் தலை காட்டாதபடி நிரை நிரையாகக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். வருஷத்திற்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டும் நாட்டில், சரிவான நிலத்தை அப்படி வெறுமையாக வைத்தால் என்ன நேருமோ அது நேர்ந்தது. மேல்மண் கரைந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. மண்ணை மூடவும் வேண்டும், லாலாங் புல்லை ஒடுக்கவும் வேண்டும், மரத்துக்கு உரமும் கிடைக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளும் ஒருங்கே சேர்ந்த நிலையில்தான் பயறுக் கொடிகளின் மீது தோட்டக்காரர்களின் பார்வை திரும்பிற்று. 1920-களில் சுமத்ராவின் தோட்டங்களில் மூடுபயிராக வழங்கத் தொடங்கிய கலப்பகோனியம், சிறிது காலத்திற்குள் மலாயாவுக்கும் வந்தது. அதனோடு தென்னமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட சென்ட்ரோசீமாவும், மேலே சொன்ன பியூரேரியாவும் சேர்ந்து, தோட்டங்களில் வழக்கமாக விதைக்கப்படும் மும்மைக் கலவை உருவாயிற்று.

இம்மூன்றையும் ஒரே நாளில் ஒரே நிலத்தில் கலந்து தூவினாலும் அவை ஒரே காலத்தில் ஆட்சி செய்வதில்லை. முதலில் எழுவது கலப்பகோனியம். இலையும் தண்டும் பழுப்பு மயிர் அடர்ந்து, சிறிய நீலப்பூப் பூக்கும் இக்கொடி, சில மாதங்களில் மண் தெரியாதபடி மூடிவிடும். இரண்டாம் வருஷத்திற்குள் அதன் வேகம் தணிந்து, அதுவரை கீழே பொறுமையாகக் காத்திருந்த பியூரேரியா மேலெழுந்து, முழங்கால் உயரத்திற்கு மெத்தை விரித்து நிலத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றையொன்று தொட, ஐந்தாறு வருஷத்தில் நிலத்தில் விழும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துபோகையில், பியூரேரியாவும் மெலியும். அப்போது நம்மூர்ச் சங்குப்பூவைப் போன்ற ஊதாப்பூவோடு அங்கங்கே எஞ்சி நிற்பது சென்ட்ரோசீமா. நிழல் இன்னும் இறுகியபின் அதுவும் போய்விடும். இந்த வரிசை தோட்டத்தில் வேலை செய்த எல்லோருக்கும் கண்கண்ட விஷயம். கன்று நட்டு எத்தனை வருஷமாயிற்று என்பதைக் கிராணியின் கணக்குப் புத்தகத்தைப் பாராமலே, காலடியில் எந்தக் கொடி கிடக்கிறது என்பதைக் கொண்டு சொல்லிவிடலாம்.

விதைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்விதைகளின் தோல் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. ஆகையால் விதைப்பதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்தோ, கந்தக அமிலத்தில் சிறிது நேரம் பிசறிக் கழுவியோ தோலை இளக்கி, பின்னர் வேர்முடிச்சுப் பாக்டீரியாவையும் பாறைப் பாஸ்பேட் தூளையும் கலந்து தூவுவார்கள். பாக்டீரியா வேலை செய்கிறதா என்று அறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கொடியை வேர் அறுபடாமல் மெல்லத் தோண்டியெடுத்து மண்ணை உதறினால், சன்ன வேர்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒரு புரதம் அங்கே இருப்பதே அதற்குக் காரணம். சிவப்பு இருக்குமாயின் காற்றிலுள்ள நைட்ரஜன் செடிக்கு உணவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு தன் காரியத்தை முடித்துக்கொண்டது.

இவ்விஷயத்தில் முறையான ஆராய்ச்சி, 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வாயிலாக நடந்தது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் தலைமையிடமும், சுங்கை பூலோவில் பரந்த பரிசோதனைத் தோட்டமுமாக அது வளர்ந்தது. அங்கே உழைத்த விஞ்ஞானிகளுள் புஷ்பராஜா, செல்லப்பா போன்ற நம்மவர் பெயர்களும் உண்டு. மூடுபயிருக்கும் ரப்பர் மரத்தின் உரத்தேவைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி அவ்விருவரும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. முதல் ஐந்து வருஷங்களில் பயறு மூடுபயிர் ஆண்டொன்றுக்கு எக்டேருக்குச் சராசரி 150 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து சேர்க்கிறது என்று பின்னர் ஒரு மதிப்பீடு வந்தது. அது ஏறக்குறைய 325 கிலோ யூரியாவுக்குச் சமம். பயறு மூடிய நிலத்தில் நின்ற மரங்கள், புல்லிடையே நின்ற மரங்களைக் காட்டிலும் முன்னதாகவே பால் வெட்டுப் பருவத்தை எட்டின. கொடிகள் நிழலில் மடிந்து வெகுகாலம் சென்ற பின்பும், பயறு இருந்த நிலத்து மரங்களுக்கு நைட்ரஜன் உரத்தின் தேவை குறைவாகவே இருந்தது என்பதுதான் இவ்வாராய்ச்சிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி. செடி நின்ற காலம் வேறு, செடியின் பயன் நின்ற காலம் வேறு. ஒரு ரகத்தின் ஆயுளை அளக்கப் புகுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் கொடியைக் கொல்வது நிழல். மேய்ச்சல் நிலத்திலோ வாய். தோட்டத்து மக்கள் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்ததும், பால் விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் நம் சமூகம் அறிந்த சரித்திரம். இந்நாட்டுக் கால்நடைத் துறையில் உள்ளூர் இந்தியக் கறவை இனம் என்று ஒரு தனி வகையாகவே அம்மாடுகள் குறிக்கப்படுகின்றன. அந்த மாடுகளை இளந்தோட்டத்துக்குள் விட்டால் அவை முதலில் நாடுவது பியூரேரியாவையும் சென்ட்ரோசீமாவையும்; மயிர் அடர்ந்த கலப்பகோனியத்தை முகர்ந்து விலக்கிவிடும். பியூரேரியா ஏறிப் படரும் கொடியாதலால் அதன் வளரும் நுனிகள் எல்லாம் மாட்டின் வாய்க்கு நேராக மேலே இருக்கின்றன. ஓயாமல் மேய்ந்தால் நுனிகள் போய், இலைகள் போய், வேரில் சேமித்த சத்தும் தீர்ந்து, ஒரு பருவத்திலேயே கொடி அருகிவிடும். மாடு எதை விரும்புகிறதோ அது நிலைப்பதில்லை, எது நிலைக்கிறதோ அதை மாடு விரும்புவதில்லை என்னும் இந்தச் சங்கடம், தீவனப் பயறுகளை ஆராய்பவர்களை உலகெங்கும் வாட்டிவருவது.

நம் முன்னோருக்கு இது புதிதாக இருந்திருக்க முடியாது. தஞ்சைத் தரணியில் நெல் அறுத்த தாளடியில் கொளுஞ்சி விதைப்பார்கள். ஒரு முறை விதைத்த வயலில் அடுத்தடுத்த வருஷங்களில் அது தானாகவே முளைத்துவரும். மாடு அதைச் சாதாரணமாகத் தீண்டாது. அதனால் அது பூத்துக் காய்த்து விதை சிந்த அவகாசம் கிடைக்கிறது. அந்த விதையின் தோலும் கடினமானதாகையால், எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்துத் தீர்ந்துபோகாமல், ஒரு பகுதி மண்ணுக்குள் உறங்கி மறு வருஷத்துக்கு மிஞ்சுகிறது. பசுந்தாள் உரத்துக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பால் மாட்டுக்குத் தீனி தேடுபவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லையே!

ஒரு பயறு நிலத்தில் நிலைத்திருக்க மூன்று வழிகளில் ஒன்றேனும் அதற்குக் கைவர வேண்டும். தாய்ச்செடியே நெடுங்காலம் வாழலாம். அல்லது படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டுப் புதுச்செடிகளாகப் பிரியலாம். அல்லது பழைய செடி மடியும் வேகத்துக்கு ஈடாக விதையிலிருந்து இளஞ்செடிகள் எழலாம். ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் ஹட்டன் என்பவர் மெக்சிகோவிலிருந்து வந்த இரு வகைகளைக் கலந்து உண்டாக்கி 1960-இல் வெளியிட்ட சிராட்ரோ மூன்றாவது வழியை நம்பிய ரகம். தனிச்செடிகள் சில வருஷத்துக்குள் மடிந்துவிடுபவை. மாடுகளின் எண்ணிக்கை அளவோடு இருந்த நிலங்களில் அது விதை சிந்தித் தன் குடியைக் காத்துக்கொண்டது. மாடுகளை நெருக்கி அடைத்த நிலங்களில் விதைக்க நேரமின்றி மறைந்தது.

இரண்டாவது வழியின் சிறப்பைக் காண விரும்புவோர் கோலாலம்பூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சாலைத் தடுப்புகளின் நடுவேயும் கட்டடங்களின் முற்றத்திலும், தரையோடு தரையாகப் பச்சை விரித்து, காலை வேளையில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதுதான் அராக்கிஸ் பின்டோய். நிலக்கடலையின் நேர்ப் பங்காளி. 1954-இல் பிரேசிலின் பாஹியா மாகாணத்தில் ஜெரால்டோ பின்டோ என்பவர் சேகரித்த செடியிலிருந்து வந்த வழி இது; 1987-இல் ஆஸ்திரேலியாவில் அமரில்லோ என்ற ரகமாக வெளியாயிற்று. இங்கே அழகுக்காக நடப்பட்டாலும், அது முதல்தரமான மேய்ச்சல் பயறு. குனிந்து ஒரு தண்டை விலக்கிப் பார்த்தால் அதன் உறுதியின் ரகசியம் புலப்படும்: தண்டு மண்ணோடு ஒட்டி ஓடுகிறது, ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கிறது, வளரும் நுனி மாட்டின் நாக்குக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் எட்டாத தாழ்வில் பதுங்கியிருக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயை ஒளித்து வைக்கிறது. மாடு விரும்பித் தின்றும் நிலைத்து நிற்கும் பயறு என்று துணிந்து சொல்லத் தக்க ஒரு சிலவற்றில் இது ஒன்று. முதலில் நிலத்தைப் பிடிப்பதற்குக் காலம் எடுத்துக்கொள்வதும், விதை மண்ணுக்குள்ளேயே இருப்பதால் அதைச் சேகரிக்கச் செலவு அதிகமாவதுமே இதன் குறைகள்.

இவ்வளவு திறமையும் வாய்ந்த ரகத்தையும் நோய் ஒன்று வந்து வீழ்த்திவிடலாம். தமிழ்நாட்டில் முயல் மசால் என்று வழங்கும் ஸ்டைலோ இனத்தில், டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்பது ஆஸ்திரேலியாவின் வடபகுதி முழுவதும் பரவி, மாட்டுப் பண்ணைகளுக்குப் பெரும் ஆதாரமாக விளங்கிற்று. 1970-களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் கருகல் நோய் கிளம்பி, சில வருஷத்துக்குள் அதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது. அதன் பிறகு நோயைத் தாங்கும் ரகங்களைத் தேடுவதே ஸ்டைலோ ஆராய்ச்சியின் மையமாயிற்று. கொலம்பியாவிலுள்ள சர்வதேச நிலையம் 184 என்று எண்ணிட்ட வகை அவ்வாறு தேறித் தென்கிழக்காசியாவுக்கு வந்தது. சூபாபுல்லின் கதையும் இத்தகையதே. மலாய்க்காரர் பெத்தாய் பெலாலாங் என்று அழைக்கும் அம்மரம், வெட்ட வெட்டத் தழைத்து எத்தனையோ வருஷம் வாழும் சுபாவமுடையது. அதன் ஆயுளைப் பற்றி எவருக்கும் சந்தேகமில்லாதிருந்த காலத்தில், 1980-களின் நடுவில், கடுகினும் சிறிய பேன் போன்ற ஒரு பூச்சி பசிபிக் தீவுகளைத் தாண்டி வந்து, தென்கிழக்காசியா முழுவதும் அதன் இளந்தளிர்களை உறிஞ்சி மொட்டையாக்கிற்று. மரம் சாகவில்லை, ஆனால் தழை கிடைக்காத தீவன மரம் இருந்தென்ன?

ஊருக்கு ஊர் இந்த ஆயுட்கணக்கு மாறுவதையும் மறக்கலாகாது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பாசனமும் வடிகாலும் சரியாக அமைந்த நிலத்தில் குதிரை மசால் மூன்று நான்கு வருஷம் அறுவடை தருகிறது. அதையே செர்டாங்கின் புளிப்பு மண்ணில் விதைத்தால் வருஷம் தாண்டுவது அரிது. புளிப்பு மண்ணில் கரைந்து வரும் அலுமினியம் அதன் வேரைத் தீய்க்கிறது. ஓயாத மழை வேரடியை அழுகச் செய்கிறது. இங்கே வறட்சிப் பருவம் என்று திட்டமாக ஒன்று இல்லாததால், பல கொடிகள் இலையைப் பெருக்குகின்றனவேயன்றி விதையைப் பெருக்குவதில்லை. ஆகவே விதையை நம்பி நிலைக்கும் ரகங்களுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு உகந்த இடமன்று.

நிலைப்பதே முழு நன்மை என்று எண்ணுவோருக்கு மியூகுனா பிராக்டியேட்டாவைக் காட்ட வேண்டும். நம் பூனைக்காலிக்கு உறவான இக்கொடி இந்தியாவின் வடகிழக்கில், திரிபுரா பக்கத்துக் காடுகளுக்கு உரியது. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராகப் பெயர் பெற்று, 1990-களின் தொடக்கத்தில் மலேசியச் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்தது. ஆழமாக வேரோடி, ஒரு நாளைக்கு அரைச்சாண் நீளும் வேகத்தோடு, களையை மேலெழ விடாமல், நிழலையும் வெயிலையும் பொறுத்து, பழைய மும்மைக் கலவை மறைந்த பின்னும் அது நிற்கிறது. கேரித் தீவிலும் பந்திங் வட்டாரத்திலும் மறுநடவு செய்த தோட்டங்களில் நிலம் முழுவதும் கரும்பச்சையாகக் கிடப்பது பெரும்பாலும் இதுதான். ஆயினும் செம்பனைக் கன்றைச் சுற்றி வட்டம் வெட்டாமல் சில வாரம் விட்டால் கன்றின் மேல் ஏறி அதை அமுக்கிவிடும். மாடோ இதை ஏறெடுத்தும் பாராது. இந்நாட்டுத் தாழ்நிலத்தில் விதை கட்டுவது அபூர்வமாதலால், விதையைத் தருவித்தும், தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்துமே பெருக்குகிறார்கள். தோட்டத்துக்கு இது நல்ல கொடி. தோட்டத்து மாட்டுக்கு அல்ல. மூடுபயிரையும் தீவனத்தையும் ஒரே கொடியில் பெற்றுவந்த காலம் இதன் வரவோடு பெரிதும் முடிந்துபோயிற்று என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆயுளைப் பற்றிய பரிசோதனைக்கு எல்லாவற்றினும் முதன்மையாகத் தேவைப்படுவது, பத்துப் பதினைந்து வருஷம் எவரும் கை வைக்காத நிலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது மிகவும் அருகிப்போனது அதுவே. எபிங்காம் தோட்டம் 1950-களில் பெட்டாலிங் ஜெயாவாக மாறிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகி, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. ரப்பர் மரங்களும் அவற்றினடியே மூன்று கொடிகளும் முறை மாறி ஆண்ட சுங்கை பூலோப் பரிசோதனை நிலத்தின் பெரும்பகுதியில் குவாசா டாமன்சாரா என்னும் நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. வீடு வேண்டியவர்களுக்கு வீடு வேண்டியதுதான். ஆனால் 1969-இல் நிறுவப்பட்டுச் செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மார்டி போன்ற வேளாண் ஆராய்ச்சி நிலையங்களிடமேனும், நகரம் நெருங்காத ஓரிடத்தில், நீண்டகாலப் பரிசோதனைக்கென்று நிலத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மாடு வைத்திருப்போர் கேட்க உரிமையுண்டு. ஒரு வருஷத்துப் பரிசோதனையில் கலப்பகோனியம் பியூரேரியாவை வென்றதாகவே தோன்றும்; ஐந்தாம் வருஷத்தில் போய்ப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாக இருக்கும்.

அதுவரை, பந்திங்கிலோ காப்பாரிலோ சில கறவைகளை வைத்துக்கொண்டு நேப்பியர் புல் அறுத்துப் போடுகிறவர்கள் தாமே செய்யக் கூடியவை சில உண்டு. ஒரே ரகத்தை நம்பாமல், அறுத்துப் போடுவதற்கு ஸ்டைலோவும், வேலியோரத்தில் கிளைரிசிடியாவும், மாடு மேயும் தரையில் அராக்கிஸுமாகப் பிரித்து வைக்கலாம். ஸ்டைலோவைத் தரையோடு ஒட்ட அறுத்தால் மறுபடி துளிர்க்க மொட்டு இருக்காது. ஒரு சாண் உயரம் விட்டு அறுக்க வேண்டும். அராக்கிஸுக்கு விதை தேடி அலைய வேண்டாம். வேரோடு பிடுங்கிய தண்டுகளைப் புதிதாகக் கிளறிய ஈரமண்ணில் ஒரு முழ இடைவெளியில் நட்டு, அது தரையை மூடும்வரை மாட்டை விலக்கிக் கட்டினால் போதும். விதை கட்டும் கொடி எதுவாயினும், நிலத்தின் ஒரு மூலையை வருஷத்தில் சில வாரம் மேய விடாமல் அடைத்து வைத்து, காய் முற்றி வெடித்து விதை மண்ணில் விழுந்த பிறகே திறந்துவிட வேண்டும்.